நகரின் விளிம்பில் ஒரு தொழிற்பேட்டை: பீனியா கற்பிக்கும் பாடங்கள்

சிறுதொழில்கள் பெருகினால்தான் வேலைவாய்ப்பு பரவலாகும் என்பதும், அவை நகர நெரிசலுக்கு வெளியே திட்டமிட்ட இடங்களில் அமைய வேண்டும் என்பதும் நம் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடக்க காலத்திலேயே ஏற்றுக்கொண்ட கொள்கைகளாகும். அக்கொள்கையின் செயல்வடிவமே தொழிற்பேட்டை. நகரை ஒட்டிய நிலத்தை அரசு கையகப்படுத்துகிறது. சாலை, மின்சாரம், நீர் ஆகிய வசதிகளைச் செய்கிறது. பின்னர் கொட்டகைகளாகவோ மனைகளாகவோ அவற்றைத் தொழில் முனைவோருக்கு அளிக்கிறது. நாட்டின் பெரும்பாலான நகரங்களின் விளிம்பில் இன்று இத்தகைய பேட்டைகளைக் காணலாம்.

இவற்றுள் பெங்களூரின் வடமேற்கில் தும்கூர்ச் சாலையை ஒட்டி 1970-களில் உருவான பீனியா தொழிற்பேட்டை தனி ஆய்வுக்குரியது. ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்களைக் கொண்ட இப்பேட்டை, தென்கிழக்கு ஆசியாவின் பெரிய தொழிற்பகுதிகளுள் ஒன்றாகப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. ஒரு பேட்டை எதனால் வளர்கிறது, வளர்ந்தபின் எத்தகைய இடர்ப்பாடுகளுக்கு உள்ளாகிறது என்ற இரு வினாக்களுக்கும் பீனியாவின் வரலாறு விடை தருகிறது. அதன் வளர்ச்சிக்குக் கொட்டகைகளைக் காட்டிலும் அருகிலிருந்த பெருந்தொழிற்சாலைகளும் பயிற்சி நிலையங்களுமே பெருங்காரணமாயின. அதன் இன்றைய இடர்ப்பாடுகளுக்கோ, நகர் விரிந்து பேட்டையைச் சூழ்ந்துகொள்ளும் நாளுக்கான ஏற்பாடுகள் தொடக்கத்தில் செய்யப்படாமையே முதன்மையான காரணம். இவ்விரு உண்மைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்பேட்டை என்னும் கருத்து

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு முன்னோடியாக, கிராமத் தொழில்களையும் சிறுதொழில்களையும் பற்றி ஆராய்ந்த கார்வே குழு 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. தேசியச் சிறுதொழில் கழகமும் அதே ஆண்டில்தான் தோன்றியது. தொழிற்பேட்டைத் திட்டமும் 1955-இல் தொடங்கியது. குஜராத்தின் ராஜ்கோட் பேட்டை இத்திட்டத்தின் முன்னோடிகளுள் ஒன்று. டெல்லியை அடுத்த ஓக்லாவிலும் அலகாபாத்தை அடுத்த நைனியிலும் தேசியச் சிறுதொழில் கழகமே பேட்டைகளை நிறுவியது. சென்னையை அடுத்த கிண்டியில் 1958-இல் பேட்டை அமைந்தது. இவை அனைத்தும் அந்நாளில் நகரின் புறத்தே இருந்தவை என்பதும், இன்று நகருக்குள் அடங்கிவிட்டவை என்பதும் மனத்திற்கொள்ள வேண்டியவை.

சிறுதொழில்கள் ஓரிடத்தில் கூடுவதால் விளையும் நன்மைகளை ஆல்பிரட் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1890-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். ஷெபீல்டு நகரின் கத்தித் தொழில் போன்றவற்றை ஆராய்ந்த அவர், அந்நன்மைகளை மூன்றாகக் கண்டார். முதலாவது, தேர்ச்சி பெற்ற தொழிலாளர் அவ்விடத்தில் எளிதில் கிடைப்பர். இரண்டாவது, கருவிகளும் மூலப்பொருள்களும் வழங்கும் துணைத் தொழில்கள் அருகிலேயே முளைக்கும். மூன்றாவது, தொழில்நுணுக்கங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இயல்பாகப் பரவும். மார்ஷல் கூறிய தொழில் வட்டாரங்கள் தாமாகவே தோன்றியவை. நம் பேட்டைகளோ அரசு ஆணையால் அமைந்தவை. ஆணையால் அமைந்த பேட்டையிலும் இம்மூன்று நன்மைகளும் விளையுமா என்பதே திட்டமிடுவோர் முன் இருந்த கேள்வி. பல பேட்டைகளில் விளையவில்லை. தொழில் மரபோ சந்தையோ இல்லாத இடங்களில் கட்டப்பட்ட கொட்டகைகள் நெடுநாள் பூட்டிக் கிடந்தன. பீனியாவில் மூன்று நன்மைகளும் விளைந்தன. அதற்குரிய காரணங்களை அறிய, பேட்டைக்கு முந்தைய பெங்களூரைப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் அமைத்த அடித்தளம்

பெங்களூரில் 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி. என்று வழங்கும் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. இவற்றுள் பின்னைய இரண்டும் நகரின் வடக்கே ஜாலஹள்ளியில் அமைந்தன. பீனியா ஜாலஹள்ளியை ஒட்டியுள்ள ஊர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பொதுத்துறை நிறுவனங்கள் தொடக்கத்தில் தமக்கு வேண்டிய பாகங்கள் அனைத்தையும் தாமே செய்துகொண்டன. திருகாணி முதல் பெரும் வார்ப்புகள் வரை ஒரே வளாகத்தில் உற்பத்தியாயின. இம்முறையில் செலவு மிகுந்தது. எளிய பாகங்களைச் சிறு கூடங்களிடம் ஒப்படைத்தால் நிறுவனத்தின் மூலதனம் மிச்சமாகும், வேலைவாய்ப்பும் பெருகும் என்ற கருத்து 1960-களில் வலுப்பெற்றது. எச்.எம்.டி. நிறுவனம் தன் தொழிற்சாலைக்கு அருகிலேயே துணைத் தொழில்களுக்கெனத் தனிப் பேட்டை ஒன்றை அமைத்தது. பெருநிறுவனத்தில் பணியாற்றித் தேர்ச்சி பெற்ற தொழிலாளரும் பொறியாளரும் தாமே சிறு கூடங்களைத் தொடங்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிலையங்களும் அப்பகுதியிலேயே அமைந்தன. மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையம் 1962-இல் தும்கூர்ச் சாலையில் நிறுவப்பட்டது. இதுவே இந்நாளில் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையமாக விளங்குகிறது. டென்மார்க் நாட்டின் உதவியுடன் 1972-இல் ராஜாஜி நகரில் அரசு கருவிக்கூடப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அச்சுகளும் வார்ப்படங்களும் செய்யும் நுண்கலையை அங்குப் பயின்ற இளைஞர்கள், பின்னாளில் பல கூடங்களுக்கு உயிர்நாடியாயினர். பீனியாவின் முதல் கொட்டகை எழுவதற்கு முன்பே, அதற்குத் தேவையான திறனும் சந்தையும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உருவாகியிருந்தன.

பேட்டையின் தோற்றம்

நகருக்குள் ராஜாஜி நகரில் இருந்த பேட்டை 1970-களில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. புதிதாகத் தொழில் தொடங்க விழைவோருக்கு அங்கு இடமில்லை. 1971 மக்கள் கணக்கெடுப்பின்படி சுமார் 17 லட்சமாக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை, 1981-இல் 29 லட்சமாயிற்று. இந்நிலையில்தான் தும்கூர்ச் சாலையோரத்துக் கிராம நிலங்கள் பேட்டைக்கெனத் தெரிவு செய்யப்பட்டன. நெடுஞ்சாலையும், அருகே யஷ்வந்தபுரம் ரயில் நிலையமும் அவ்விடத்திற்கு இயல்பான சாதகங்கள்.

இப்பணியில் இரு அரசு அமைப்புகள் ஈடுபட்டன. 1960-இல் தோன்றிய மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் ஆயத்தக் கொட்டகைகளைக் கட்டி அளித்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் மனைகளை ஒதுக்கியது. வாரியத்தின் முறை 'குத்தகையுடன் கூடிய விற்பனை' எனப்படும். தொழில் முனைவோர் முதலில் குத்தகைதாரராக மனையைப் பெறுவார். குறித்த காலத்திற்குள் கட்டடம் எழுப்பி உற்பத்தியைத் தொடங்கினால், பின்னர் மனை அவருக்கே உரிமையாகும். சிறு முதலீட்டாளருக்கு இம்முறை பேருதவியாக அமைந்தது. இதே முறையில் அடங்கியிருந்த ஒரு குறை பிற்காலத்தில் வெளிப்பட்டதைப் பின்னர்க் காண்போம்.

பேட்டை பல கட்டங்களாக விரிவடைந்தது. உறுப்பினர் தம் குறைகளை அரசிடம் எடுத்துரைக்க 1978-இல் பீனியா தொழில்முனைவோர் சங்கம் உருவாயிற்று. மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் 1979-இல் தொடங்கிய ஏஸ் டிசைனர்ஸ் என்னும் நிறுவனம், பின்னாளில் கணினிக் கட்டுப்பாட்டுக் கடைசல் இயந்திரங்களின் உற்பத்தியில் நாட்டின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. ஆய்வு நிலையத்தில் பெற்ற அறிவு, சில கிலோமீட்டர் தொலைவிலேயே தொழிலாக மலர்ந்தமைக்கு இது தக்க சான்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு மையமும் பீனியாவிலேயே உள்ளது. செவ்வாய்க் கோளுக்கு 2013-இல் அனுப்பப்பட்ட விண்கலத்தின் இயக்கத்தையும், 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதையும் அம்மையம் கண்காணித்து வழிநடத்தியது.

ஒரு பாகம் உருவாகும் வழி

பேட்டையின் பொருளாதாரத்தை அறிய, ஒரு பாகம் அங்கு உருவாகும் வழியைக் கவனிப்பது பயன் தரும். இயந்திரம் ஒன்றிற்குச் சுழல்தண்டு தேவைப்படுவதாகக் கொள்வோம். எஃகு வணிகர் உருளையை வாங்கி அளவாக வெட்டித் தருகிறார். ஒரு கூடத்தில் அது கடைசல் இயந்திரத்தில் கடையப்படுகிறது. வேறொரு கூடத்தில் அதற்குப் பள்ளமும் துளையும் இடப்படுகின்றன. மூன்றாவது கூடம் உலையில் சூடேற்றிக் குளிர்வித்து அதற்கு உறுதி ஊட்டுகிறது. நான்காவது கூடம் சாணை இயந்திரத்தில் தேய்த்து, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரான் அளவுக்குத் துல்லியம் சேர்க்கிறது. ஐந்தாவது கூடம் துருவேறாதபடி முலாம் பூசுகிறது. இவற்றிற்கிடையே பாகத்தைச் சுமந்து செல்பவை மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள்.

இக்கூடங்களுள் எதனிடமும் ஐந்து வகை இயந்திரங்களும் இல்லை. வாங்கும் ஆற்றலும் இல்லை. அருகருகே இருப்பதால் ஐந்தும் சேர்ந்து ஒரு பெரிய தொழிற்சாலையின் பணியைச் செய்கின்றன. ஒன்றில் நேர்ந்த குறையை அடுத்தது அன்றைக்கே சுட்டிக்காட்டித் திருத்தச் செய்கிறது. உலைக்கூடம் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். சிறு கூடம் தனித்து இடம் பெயர இயலாது என்பதற்குக் காரணம் இதுவே. பேட்டையின் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலர்கள் இந்த உண்மையை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இக்கூடங்கள் பெரும்பாலும் கூலிப் பணி செய்பவை. வரைபடத்தையும், பலவேளைகளில் மூலப்பொருளையும் தாய் நிறுவனமே அளிக்கும். கூடத்திற்கு உரியது கூலி மட்டுமே. அக்கூலி காலந்தாழ்ந்து வருவதே சிறுதொழிலின் தீராத பிணி. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மாதந்தோறும் ரூ. 3 லட்சத்திற்குப் பணி முடித்து அனுப்பும் கூடம் ஒன்றுக்கு 45 நாளில் பணம் வருமானால், நிலுவையில் நிற்கும் தொகை ரூ. 4.5 லட்சம். பணம் வர 120 நாள் ஆகுமானால் அத்தொகை ரூ. 12 லட்சமாகிவிடும். கூடுதலாக முடங்கும் ரூ. 7.5 லட்சத்தை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்றால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு ரூ. 90,000 ஆகும். ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை இத்தாமதம் விழுங்கிவிடுகிறது.

இதனை உணர்ந்தே 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தரப்பட வேண்டுமென வரையறுத்தது. தவறினால் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்றும் அது விதித்துள்ளது. சட்டம் தெளிவாக இருப்பினும், ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழும் கூடம் அவர்மீது முறையிட முன்வருவது அரிது. உரிமை ஏட்டில் இருப்பது வேறு, அதனைக் கோரும் வலிமை இருப்பது வேறு.

தாய் நிறுவனங்கள் தளர்ந்தபோது

1991-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் சூழ்நிலை மாறிற்று. வெளிநாட்டு இயந்திரங்களின் இறக்குமதி எளிதாயிற்று. பொதுத்துறை நிறுவனங்கள் போட்டிக்கு உள்ளாயின. சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பொருள்களின் பட்டியல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2015-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடும் முடிவை மத்திய அரசு 2016-இல் மேற்கொண்டது. தாய் நிறுவனம் ஒன்றையே நம்பியிருந்த கூடங்கள் நலிந்தன.

எனினும் பேட்டை முழுவதும் வீழ்ந்துவிடவில்லை. தேர்ச்சி பெற்ற கைகளும் சங்கிலித் தொடராக அமைந்த கூடங்களும் நிலைத்திருந்தமையால், மோட்டார் வாகனம், விமானம், மின்கருவி, மருத்துவக் கருவி எனப் புதிய சந்தைகளை அவை நாடின. கைவிசைக் கடைசல் இயந்திரங்களின் இடத்தில் சி.என்.சி. எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் வந்தன. ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைத் தொழிலும் பெருகிற்று; அதில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டும் என 2012-இல் ஆணை பிறந்தது. 20 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2018-இல் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒரு பேட்டையின் உண்மையான சொத்து அதன் கட்டடங்கள் அல்ல, அங்குத் திரண்டுள்ள திறனே என்பதை இக்காலம் மெய்ப்பித்தது.

நகர் வந்து சூழ்ந்தது

1981-இல் 29 லட்சமாக இருந்த பெங்களூர்ப் பெருநகரின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 85 லட்சமாயிற்று. பேட்டையை ஒட்டிய தாசரஹள்ளி தனி நகராட்சியாக இருந்தது. 2007-இல் அது பெங்களூர்ப் பெருமாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2014 மார்ச் 1-இல் பீனியா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. 2024 நவம்பரில் அத்தடம் மாதவரை நீண்டது. தொழிலாளர் போக்குவரத்திற்கு இது பெருவசதி என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், பேட்டையின் நிலம் நகர நிலமாக மதிப்பிடப்படுவதும் விரைவுற்றது.

குத்தகையுடன் கூடிய விற்பனை முறையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. மனைக்கு உரிமை பெற்றவர் அதனைப் பல பகுதிகளாகப் பிரித்து வாடகைக்கு விடலாம். கிடங்காகவோ அலுவலகமாகவோ மாற்றலாம். கடைசல் இயந்திரம் ஈட்டித் தரும் வருவாயைக் காட்டிலும் கிடங்கு வாடகை மிகுமானால், நிலம் தொழிலைக் கைவிடுவது இயல்பு. சொந்த மனை உள்ளவர் இதனால் ஆதாயம் அடைவார். வாடகைக் கொட்டகையில் ஓரிரு இயந்திரங்களுடன் தொழில் நடத்துபவரோ ஒவ்வொரு வாடகை உயர்வுக்கும் அஞ்சி வாழ வேண்டியவராகிறார். பேட்டை யாருக்காக அமைக்கப்பட்டதோ, அவரே அங்கு நிலைகொள்ள இயலாத முரண்பாடு இது.

சரக்குப் போக்குவரத்தும் இடர்ப்படுகிறது. நகரப் போக்குவரத்தும், வெளியூர் செல்லும் வாகனங்களும், பேட்டையின் லாரிகளும் ஒரே சாலையில் நெருக்குகின்றன. தும்கூர்ச் சாலையின் மேம்பாலத்தில் பழுது காணப்பட்டு, 2021 டிசம்பரில் அது மூடப்பட்டது. கனரக வாகனங்கள் அதன்மீது மீண்டும் அனுமதிக்கப்பட 2024 வரை ஆயிற்று. ஒரே ஒரு வழித்தடத்தைச் சார்ந்திருக்கும் பேட்டை எத்துணை எளிதில் நிலைகுலையும் என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

நீர் என்னும் விலை

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் அருகில் இல்லாத மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை ஏற்றிக் கொணரும் திட்டம் 1974-இல்தான் பயன்பாட்டிற்கு வந்தது. நகர எல்லைக்கு வெளியே இருந்த பேட்டை, நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியது. அந்த நிலத்தடி நீரைக் கெடுத்ததும் பேட்டையின் கழிவே.

முலாம் பூசும் தொழிலில் குரோமிக் அமிலம் பயன்படுகிறது. அதில் குரோமியம் ஆறு இணைதிறன் உடைய நிலையில் உள்ளது. எளிதில் நீரில் கரைவது, புற்றுநோய் விளைவிக்கவல்லது. பாகங்களைக் கழுவிய நீர் சுத்திகரிக்கப்படாமல் நிலத்தில் விடப்பட்டால், அது பாறைப் பிளவுகளின் வழியே ஆழ்துளைக் கிணறுகளை அடைகிறது. பீனியாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வட்டாரத்தின் வடிகால் நீரில் ஒரு பகுதி விருஷபாவதி ஆற்றில் கலக்கிறது. அவ்வாறு பைரமங்கலம் ஏரியைக் கடந்து அர்க்காவதியிலும், அர்க்காவதி காவிரியிலும் சேர்கின்றன. பேட்டையின் ஒரு மூலையில் கொட்டப்படும் நீர், அங்கேயே நின்றுவிடுவதில்லை.

இக்கழிவைச் சுத்திகரிக்கும் முறை கடினமன்று. அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு மாறும். பின்னர்ச் சுண்ணாம்பைச் சேர்த்தால் அது வண்டலாகப் படியும். வண்டலைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். ஆனால் இதற்கான தொட்டிகளையும் ஆய்வாளரையும் நான்கு பேர் பணியாற்றும் முலாம் கூடம் தனியே ஏற்படுத்திக்கொள்ள இயலாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், அதுவரை கழிவைக் கொண்டுசெல்லும் தனிக் குழாய்களும் இருந்தால்தான் சட்டத்தைப் பின்பற்றுவது நடைமுறையில் இயலும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. பேட்டைக்குச் சாலையும் மின்கம்பமும் இட்ட அதே காலத்தில் கழிவுநீர்க் குழாயும் இடப்பட்டிருந்தால், பின்னாளில் செலவும் தீங்கும் பெரிதும் குறைந்திருக்கும். சீர்கெட்ட நிலத்தடி நீரை மீட்பது, கெடாமல் காப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமாகும்.

தொழிலாளர் வாழ்வு

பேட்டையின் வரைபடத்தில் தொழிற்கூடங்களுக்கு இடம் இருந்தது. தொழிலாளரின் இல்லங்களுக்குப் போதிய இடம் இல்லை. தாசரஹள்ளி, லக்கெரே போன்ற சுற்றுப்புற ஊர்களில் எழுந்த ஒற்றை அறை வாடகை வீடுகளே அக்குறையை நிரப்பின. வடகர்நாடகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் அங்குக் குடியேறினர். பேட்டையை நெருங்கிக் குடியிருப்புகள் பெருகியதற்குத் தொழிலாளர் தேவையும் ஒரு காரணம் என்பதை மறந்து, குடியிருப்பும் தொழிலும் ஒன்றுக்கொன்று பகை என்று கூறுவது பொருந்தாது. திட்டத்தில் இடம் பெறாத தேவை, திட்டத்திற்கு வெளியே தானே இடம் தேடிக்கொண்டது.

வருங்கால வைப்பு நிதியைத் திரும்பப் பெறுவதற்கு விதிக்கப்பட்ட புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து, 2016 ஏப்ரலில் பெங்களூரின் ஆடைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். ஓசூர்ச் சாலையில் தொடங்கிய கிளர்ச்சி பீனியாவை அடுத்த ஜாலஹள்ளிச் சந்திப்பு வரை பரவியது. ஏப்ரல் 19-இல் அக்கட்டுப்பாடு திரும்பப் பெறப்பட்டது. வேலையிழந்தால் கைகொடுக்க வேறு சேமிப்பு இல்லாதவர்களுக்கு அந்நிதி எத்துணை முக்கியமானது என்பதை நாடு அப்போது அறிந்தது. பேட்டையின் வளர்ச்சியைக் கூடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது முழுமையாகாது. அங்கு உழைப்போரின் பாதுகாப்பும் அளவுகோலாக வேண்டும்.

கற்க வேண்டியவை

பீனியாவின் அனுபவத்திலிருந்து புதிய பேட்டைகளுக்குப் பின்வரும் பாடங்களைத் தொகுத்துக் கூறலாம்.

1. பேட்டைக்கு இடம் தேர்வு செய்யும்போது நிலத்தின் விலை மலிவை மட்டும் கருதலாகாது. பணி அளிக்கும் நிறுவனங்களும், பயிற்சி நிலையங்களும், தேர்ந்த தொழிலாளரும் எட்டும் தொலைவில் உள்ளனரா என்பதையே முதலில் காண வேண்டும்.

2. மனைகளுள் ஒரு பகுதியை விற்பனை செய்யாமல், அரசு அமைப்பின் உரிமையிலேயே வைத்து, அடுக்குமாடித் தொழிற்கூடங்களாகக் கட்டிக் குறுந்தொழில்களுக்கு நிலையான வாடகையில் அளிக்க வேண்டும். நில மதிப்பு உயரும் நாளில் சிறு கூடங்களைக் காக்கும் அரண் இதுவே.

3. சாலைக்கும் மின்சாரத்திற்கும் முன்பே கழிவுநீர்க் குழாய்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைய வேண்டும். முலாம் பூசுதல் போன்ற தொழில்களை ஒரே பகுதியில் சேர்த்து அமைத்தால் கண்காணிப்பு எளிதாகும்.

4. தொழிலாளர் குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், மகளிர் விடுதி ஆகியவை பேட்டைத் திட்டத்தின் உறுப்புகளாகவே இடம்பெற வேண்டும்.

5. நகர் பேட்டையைச் சூழும் என்பதை உறுதியென ஏற்று, இடைவெளிப் பசுமை நிலத்தையும் மாற்றுச் சரக்குப் பாதையையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.

6. இடமாற்றம் தவிர்க்க இயலாததாகும்போது கூடங்களைத் தனித்தனியே பெயர்க்காமல், ஒன்றையொன்று சார்ந்த சங்கிலியாகவே பெயர்க்க வேண்டும்.

முடிவுரை

தும்கூர்ச் சாலையில் தொழில் மேலும் மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. டாபஸ்பேட்டையில் தொழிற்பகுதி உருவாகியுள்ளது. தும்கூரை அடுத்த வசந்தநரசபுரத்தில் 530 ஏக்கர் பரப்பில் இயந்திரக் கருவிப் பூங்கா அமைக்கப்பட்டுள்ளது. தும்கூர் மாவட்டத்தின் குப்பியில் 2023 பிப்ரவரியில் ஹெலிகாப்டர்த் தொழிற்சாலை தொடங்கி வைக்கப்பட்டது. பெருந்தொழிற்சாலை, சிறு கூடங்கள், நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் அரை நூற்றாண்டுக்கு முன் ஜாலஹள்ளிக்கும் பீனியாவுக்கும் இடையே கூடியதுபோல் அங்கும் கூடுகின்றன.

இன்று அங்குச் சுற்றிலும் வயல்களும் தரிசு நிலங்களுமே உள்ளன. பீனியாவும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. புதிய பேட்டைகளின் வரைபடங்களில் கழிவுநீர்க் குழாய்க்கும், வாடகைக் கூடத்திற்கும், தொழிலாளியின் இல்லத்திற்கும் இப்போதே இடம் ஒதுக்கினால் செலவு சிறிது. முப்பது ஆண்டு கழித்து ஒதுக்க முற்பட்டால் இடமே இராது. பீனியாவுக்குள் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கூடங்களை அவ்விடத்திலேயே நிலைபெறச் செய்வதும், புதிய பேட்டைகளை முன்யோசனையுடன் அமைப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டிய பணிகளாகும். தொழில்துறை, நகரமைப்பு, மாசுக் கட்டுப்பாடு ஆகிய மூன்று துறைகளின் அலுவலர்களும் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்து திட்டமிட்டால் அது கைகூடும்.